வேலப்பாடியில் எங்கள் பழைய வீட்டைப் புதுப்பித்த காண்ட்ராக்டர்: மழைக்காலம் முடிந்த பிறகு எழுதுகிறேன்

வேலை முடிந்த மறுவாரமே "எப்படிச் செய்தார், சொல்லுங்க" என்று தெருவில் நாலு பேர் கேட்டார்கள். அப்போது எதுவும் சொல்லவில்லை. கூரை வேலை பார்த்தவரை வெயில் காலத்தில் பாராட்டி என்ன பிரயோஜனம்? வைகாசியில் முடிந்த வேலை இப்போது ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் பார்த்துவிட்டது. இனி தைரியமாக எழுதலாம்.

வீடு வேலூர் வேலப்பாடியில். முன்பக்கம் என் மாமனாரின் அப்பா கட்டியது, மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, தட்டையான ஓடு (தட்டோடு) பதித்த கூரை. பின்பக்கம் சமையலறை, பாத்ரூம், ஒரு சின்ன அறை. அது பின்னால் சேர்த்த காங்கிரீட். மொத்தம் 870 சதுர அடி வரும். முன்கூரை ஒழுகல், சமையலறை, பாத்ரூம், வீடு முழுக்க வயரிங், கடைசியில் பெயிண்ட், இவ்வளவுதான் வேலை. என் வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிஃப்ட், அதனால் காண்ட்ராக்டரோடு பேசியது, அளந்தது, கணக்குப் பார்த்தது, கோபப்பட்டது எல்லாம் நானும் என் மாமியாரும்தான்.

அவர் பெயரை இங்கே போடவில்லை. போர்டு, ஆபீஸ் எதுவும் வைத்துக்கொள்ளாமல், ஒரு வீட்டில் சொல்லி இன்னொரு வீட்டுக்குப் போகிறவர். நல்லதும் குறையும் கலந்து எழுதப் போகிறேன், அதில் அவர் பெயர் வேண்டாம் என்று நினைக்கிறேன். எங்களுக்கும் அவருக்கும் 83 நாள் எப்படி ஓடியது என்பதுதான் அடுத்தவருக்குப் பயன்படும்.

இவருக்கு முன்னால் ஒருவர் இருந்தார், அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. மூன்று வருடத்துக்கு முன் பாத்ரூமை மட்டும் மாற்ற ஒருவரிடம் கொடுத்தோம். பாதிக்கு மேல் பணத்தை முன்னாடியே வாங்கிக்கொண்டார், சுவரை உடைத்துப் போட்டார், பத்து நாள் வந்தார், அப்புறம் போனை எடுப்பதே இல்லை. வேறொரு கொத்தனாரை வைத்து எப்படியோ மூடினோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இந்த மாதிரி வீட்டு வேலையும் சேவைதான், 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம்கூடக் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தபோது இரண்டு வருடம் கடந்துவிட்டது. கடக்காமல் இருந்திருந்தாலும் என்னத்தைக் காட்டியிருப்போம்? பணம் கையில் கொடுத்தது, ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அந்த வலியோடுதான் இந்த முறை ஆள் தேடினோம்.

நாலு பேரைக் கூப்பிட்டோம். மூன்று பேர் உள்ளே ஒரு சுற்று வந்து, வாசலில் நின்றபடியே தொகை சொல்லிவிட்டார்கள். குறைந்தது 5,10,000. இவர் மட்டும் அன்றைக்கு விலையே சொல்லவில்லை. டேப் வைத்து இரண்டு மணி நேரம் அளந்தார், மாடிக்குப் போய் சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார், ஒரு தட்டோட்டைப் பெயர்த்துக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தார், மெயின் போர்டைத் திறந்து பார்த்தார். அப்புறம் அத்தையிடம் வந்து, "மழை வந்தா எந்த மூலையில மொதல்ல சொட்டும்மா? மழை பெய்யும்போதேவா, விட்டதுக்கு அப்புறமா?" என்று கேட்டார். முப்பது வருடமாக அந்தக் கூரைக்குக் கீழே குண்டான் வைத்தவர் அத்தை. அவரிடம் யாரும் அதுவரை இதைக் கேட்டதில்லை. வேலை இவருக்குத்தான் என்று அத்தை அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

நாலு நாள் கழித்து கொட்டேஷன் வந்தது, 6,40,000, நாலில் இதுதான் அதிகம். ஆனால் அறை வாரியாகப் பிரித்து எழுதியிருந்தார், கடைசியில் "இதில் சேராதவை" என்று ஒரு பகுதி. உத்திரமும் குறுக்குச் சட்டமும் கூரையைப் பிரித்தால்தான் தெரியும், மாற்ற வேண்டி வந்தால் தனி. செப்டிக் டேங்க் சேராது. கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் லைன் சேராது. கிரில் சேராது. பூச்சு வேலைக்குச் சுவரை அளக்கும்போது கதவு இடத்தைக் கழிப்பேன், ஜன்னல் இடத்தைக் கழிக்க மாட்டேன், ஏனென்றால் ஜன்னல் ஓரம் நாலு பக்கமும் பூசி முனை எடுக்கும் கூலி அதில் அடங்கும் என்று எழுதியே இருந்தது. எங்கள் சொந்தத்தில் இந்த ஜன்னல் கழிவுக்காகவே கடைசி நாளில் கைகலப்பு வரை போன வீடு ஒன்று உண்டு. முன்னாடியே எழுதியிருந்தால் அது ஒரு நிமிடப் பேச்சு. சேராதவை என்ற அந்தப் பகுதிக்காகத்தான் நான் கூடுதல் தொகைக்கு ஒத்துக்கொண்டேன், இன்றைக்கும் அது சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

பணம் எப்படிக் கொடுப்பது என்பதில் இரண்டு நாள் இழுபறி. அட்வான்ஸ் 64,000, அதாவது பத்து சதவீதம், அதற்கு அவர் உடனே சரி என்றார். வேலை ஆறு கட்டம், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதற்கான தொகை, அதற்கும் சரி. மழை பார்த்த பிறகு தருகிறோம் என்று 60,000 நிறுத்தி வைக்கக் கேட்டோம், அதற்கு முகம் மாறிவிட்டது. "கூலியும் மெட்டீரியலும் போனா எனக்கு மிஞ்சறதே அவ்ளோதாம்மா, அதையும் ஆறு மாசம் வெச்சிக்கினா நான் என்ன பண்றது" என்றார். நியாயமான கேள்வி. 40,000 என்று பேசி முடித்தோம். பதிலுக்கு அவர் கேட்டது, கட்டம் முடிந்தால் அன்றைக்கே பணம், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள்.

ஏன் வெள்ளி என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கொத்தனார், சித்தாள் எல்லோருக்கும் சனிக்கிழமை சாயங்காலம் கூலி. அன்றைக்குக் கூலி நிற்காமல் வந்தால் திங்கட்கிழமை ஆள் வரும், இல்லையென்றால் அவர்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காண்ட்ராக்டர் கையில் வெள்ளிக்கிழமை பணம் இல்லாவிட்டால் இன்னொரு வீட்டின் அட்வான்ஸை எடுத்துக் கூலி போடுவார், அந்த வீட்டுக்கு நம் பணம் போகும், இப்படித்தான் எல்லா வீடும் ஒன்றோடொன்று சிக்கிப் பாதியில் நிற்கிறது. ஒரு கட்டத்தில் வீட்டுக்காரர் ஷிஃப்டில் மாட்டி, நாங்கள் பணம் தர செவ்வாய் ஆகிவிட்டது. அந்தத் திங்கட்கிழமை இரண்டு பேர்தான் வந்தார்கள். அது எங்கள் தவறு.

அப்புறம் நோட்டு. முதல் நாளே ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி ஹாலில் ஆணியடித்துக் கட்டி வைத்தோம். இடது பக்கம் வந்த பொருள், சிமெண்ட் எத்தனை மூட்டை, மூட்டையில் அச்சடித்திருக்கும் வாரம், வருடம் என்ன, எம்-சாண்ட் எத்தனை லோடு. வலது பக்கம் மாற்றங்கள். கொட்டேஷனில் இல்லாத எதுவாக இருந்தாலும், ஒரு ஸ்விட்ச் பாயிண்ட் கூடினாலும், என்ன மாற்றம், எவ்வளவு பணம், எத்தனை நாள் கூடும் என்று மூன்றையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து. எத்தனை நாள் என்பதையும் எழுதச் சொன்னது அவர்தான். "பணத்த எல்லாரும் எழுதறாங்கம்மா, நாள எழுதறதில்ல, அப்புறம் லேட்டு லேட்டுன்னு எங்களத் திட்றாங்க."

வேலைக்கு வருகிறேன்.

முன்கூரையில் ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் யாரோ சொன்னதைக் கேட்டு சிமெண்ட் பூச்சு போட்டிருந்தோம். அதுதான் வினை என்றார். சுண்ணாம்புக் கூரை வெயிலுக்கும் குளிருக்கும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், வாங்கிய ஈரத்தை வெளியே விடும். மேலே விறைப்பாக சிமெண்ட் போட்டால் அது முடி போல வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும், இறங்கியது மேலே ஆவியாகப் போக வழி இல்லாமல் மரத்துக்குப் போய்ச் சேரும். மழை விட்ட பிறகும் ஒரு நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருந்ததன் காரணம் அதுதான். மேலே கெமிக்கல் கோட்டிங் அடித்துவிட்டால் அவருக்கு இரண்டு நாள் வேலை, நல்ல காசு. அப்படிச் செய்யாமல், குடியாத்தம் பக்கத்திலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரைக் கூட்டி வந்தார். சிமெண்டையும் கெட்டுப்போன பழைய தளத்தையும் பெயர்த்து எடுத்து, செங்கல் ஜல்லியும் நீர்த்த சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குப் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாலைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் அடித்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு மேல் தட்டோடு, மழைநீர்க் குழாய் பக்கம் தண்ணீர் ஓட வாட்டம், அதாவது லேசான சரிவு.

பிரித்தபோது இரண்டு குறுக்குச் சட்டம் சுவருக்குள் போகும் முனையில் செல்லரித்திருந்தது. உடனே மாற்றிவிட்டு பில் போடவில்லை. வேலையை நிறுத்தி, என்னை ஏணியில் ஏற்றி, உளியால் குத்திக் காட்டினார், மாவாக உதிர்ந்தது. இடிக்கும் வீடுகளிலிருந்து மரம் வாங்கி விற்கும் கடையில் பழைய தேக்காகப் பார்த்து வாங்கினோம். 21,000, 5 நாள். நோட்டில் இருக்கிறது.

தண்ணீர் பற்றி ஒரு விஷயம். எங்கள் போர் தண்ணீர் உப்பு, குடத்தில் வெள்ளையாகப் படியும். கலவைக்கு அதை வேண்டாம் என்று டிராக்டர் டேங்கரில் நல்ல தண்ணீர் வரவழைத்தார். லாஃப்ட்டும் சமையல் மேடையும் சித்திரை வெயிலில் காங்கிரீட் போட்டது. வேலூர் வெயிலைப் பற்றி நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைக்கச் சொல்கிறது, வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் 10 நாளுக்குக் குறையக் கூடாது. இதில் யார் தண்ணீர் விடுவது என்பதுதான் எல்லா வீட்டிலும் சண்டை. வீட்டுக்காரர்கள் மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று இருப்பார்கள், மேஸ்திரி வீட்டுக்காரர் விடுவார் என்று போய்விடுவார், நடுவில் காங்கிரீட் காய்ந்து வெடிக்கும். எங்கள் நோட்டில் காலை அவர்கள், மதியமும் சாயங்காலமும் நாங்கள் என்று எழுதினோம். கோணியை நனைத்துப் போட்டு, அத்தை பத்து நாளும் மதியம் தூங்கவில்லை.

சமையலறையில் எங்கள் பக்கம் பெரிய தப்பு நடந்தது. மேடை உயரம் 33 அங்குலம் என்று நான் கொத்தனாரிடம் சொல்லியிருந்தேன். நான் இல்லாத நேரத்தில் அத்தை, தன் உயரத்துக்கு 30 போதும் என்று சொல்லிவிட்டார். கொத்தனார் பாவம், கடைசியாகச் சொன்னவர் பேச்சைக் கேட்டு 30-இல் கட்டிவிட்டார். அதோடு நானும் சிங்க்கை மேற்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு மாற்றலாம் என்று அப்போதுதான் முடிவெடுத்தேன், பைப் எல்லாம் போட்ட பிறகு. மேடையை இடித்து, லைனை மாற்றி, 31,000, 8 நாள். காண்ட்ராக்டர் சத்தம் போடவில்லை, ஆனால் அன்று சாயங்காலம் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, "வீட்ல யாரு வேணும்னாலும் பேசிக்கிங்க. ஆனா என்னாண்ட ஒருத்தர்தான் சொல்லணும். ஆளுங்ககிட்ட யாரும் நேரா சொல்லாதீங்க" என்றார். அதே விதியை எங்களுக்கும் கேட்டோம்: வேலையாட்கள் எங்களிடம் நேராகப் பொருள் கேட்கக் கூடாது, அவர் மூலமாகத்தான். ஆட்கள் டீ குடித்துவிட்டு வந்து இறுகிப்போன கலவையில் தண்ணீர் ஊற்றிக் கிளறுவதை ஒரு நாள் பார்த்தேன். சிமெண்ட் கலவை அரை மணி நேரத்துக்கு மேல் இறுக ஆரம்பித்துவிடும், அப்புறம் தண்ணீர் ஊற்றினால் பலம் போய்விடும். சித்தாளைத் திட்டாமல் அவருக்கு போன் செய்தேன். மறுநாளிலிருந்து பாதி மூட்டை பாதி மூட்டையாகத்தான் கலந்தார்கள்.

பாத்ரூம்தான் இந்த விமர்சனத்தை நான் எழுதக் காரணம். டைல்ஸ் ஒட்டி முடித்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. யாரும் வேலைக்கு வராத நாள். அவர் மட்டும் வந்து பாத்ரூமில் நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றிவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தவரை எல்லாம் அழகாக இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு போன். "வாட்டம் தப்பாப் பூடுச்சிம்மா. தண்ணி போற ட்ராப் பக்கம் வராம க்ளோசெட் பக்கம் நிக்குது. நாளைக்கு ஒடைச்சிட்டு மறுபடி போடறேன், செலவு என்னுது." நான் அதைக் கண்டுபிடித்திருக்க குறைந்தது ஒரு மாதம் ஆகியிருக்கும், அதற்குள் அந்தக் கட்டத்துப் பணம் அவர் கைக்குப் போயிருக்கும். தரை முழுவதும் உடைத்து, கீழே வாட்டர் ப்ரூஃபிங் கிழிந்ததையும் மறுபடி அடித்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திப் பார்த்து, அப்புறம்தான் டைல்ஸ். டைல்ஸ் வாங்கும்போதே ஒரே பேட்ச் நம்பரில் இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கச் சொல்லியிருந்தார், அதனால் நிறம் மாறவில்லை. அந்த இரண்டு பெட்டிக்கான பணத்தைத் தன் பில்லில் கழித்துக்கொண்டார். 6 நாள் போனது. முன்னால் செய்தவர் போனே எடுக்காமல் போனவர், இவர் தன் தப்பைச் சொல்ல ராத்திரி போன் செய்தவர். எனக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் 6,40,000-க்கும் 5,10,000-க்கும் நடுவில் இருப்பதைவிடப் பெரிது.

கடைக் கமிஷனையும் மறைக்கவில்லை. டைல்ஸ் கடையில் தனக்குக் கமிஷன் தருவார்கள் என்றும், வேண்டுமானால் நாங்களே போய் விலை பேசிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். காட்பாடி ரோட்டில் இரண்டு கடை ஏறி நாங்களே பேசி வாங்கினோம். வயரிங்கில் எனக்குக் குறையே இல்லை: கீசருக்கு 4 ஸ்கொயர் எம்.எம். வயர் தனியாக, மின்கசிவு வந்தால் தானே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரிலும் டேப்பை நீட்டி வைத்து பைப் ஓடும் இடத்தைப் போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். சுவரில் ஆணி அடிக்கும்போதெல்லாம் அந்தப் போட்டோவைப் பார்க்கிறேன்.

இனி குறைகள். ஒரே நேரத்தில் மூன்று சைட் வைத்திருந்தார், பகலில் போன் எடுக்க மாட்டார், ராத்திரிதான் கூப்பிடுவார். இடித்த குப்பை 9 நாள் வாசலிலேயே கிடந்தது, எங்கள் தெரு ஆட்டோ நுழைகிற அகலம்தான், எதிர்வீட்டு அண்ணனிடம் நான் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டேன். இதைக் கொட்டேஷனிலேயே எழுதியிருக்க வேண்டும், யாரும் எழுதவில்லை. பில் கையால் எழுதியது. எல்லாவற்றையும் விட பெயிண்ட். அதை வேறொரு டீமுக்கு விட்டுவிட்டு அவர் வந்து நிற்கவில்லை. பின் அறையின் மேற்குச் சுவர் முழுதாகக் காய்வதற்குள் பட்டி பார்த்துவிட்டார்கள். கார்த்திகை மழையில் அந்தச் சுவரில் தரையிலிருந்து இரண்டடிக்கு உப்புப் பூத்து, பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. சுண்ணாம்புக் கூரைக்கு அத்தனை பொறுமை காட்டியவர் இந்தச் சுவருக்கு ஏன் காட்டவில்லை என்று எனக்கு இன்னும் வருத்தம்.

60 நாள் என்று சொன்னது 83 நாள் ஆனது. கூடிய 23 நாளில் சட்டம் மாற்றியது 5, என் சிங்க் 8, அவருடைய வாட்டம் 6, மீதி 4 நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வைகாசி முதல் தேதி சிரசு, அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் வேலைக்கு இருக்க மாட்டார்கள், அதை மூன்று வாரம் முன்னாடியே சொல்லி நோட்டில் எழுதியும் வைத்தார். பணம் மொத்தம் 7,12,000. கூடிய 72,000-இல் 21,000 சட்டத்துக்கு, 31,000 சமையலறைக்கு, 20,000 நான் பிற்பாடு கேட்ட லாஃப்ட்டுக்கும் விலை கூடிய பாத்ரூம் டைல்ஸுக்கும். கடைசிக் கணக்கு பார்க்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் நோட்டில் இருந்தது.

ஐப்பசியில் முதல் பெரிய மழை விடிய விடியப் பெய்தது. காலையில் கூப்பிடாமலே வந்து மாடி ஏறினார், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்தார், கீழே வந்து உத்திரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. அத்தை பழக்கத்தில் கூரைக்குக் கீழே குண்டானை வைத்துவிட்டுத்தான் தூங்கியிருந்தார், ஒரு சொட்டு இல்லை. கார்த்திகை முடிந்ததும் நிறுத்தி வைத்ததில் 35,000 கொடுத்துவிட்டேன். மேற்குச் சுவரைச் சுரண்டி மறுபடி செய்து தர வேண்டும், ஆனால் இப்போது ஈரத்தில் செய்தால் மறுபடியும் அதே கதைதான், காய்ந்ததும் பங்குனியில் வருகிறேன் என்றிருக்கிறார். தேதியை நோட்டில் எழுதியிருக்கிறோம், அதுவரை 5,000 என்னிடம் இருக்கிறது.